வெள்ளை மந்தாரை சாய்கிறது

சின்னக்கானல்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

மாரீஸ்வரி எழுதுவது. டவரும் இல்லை, கரண்டும் இல்லை, அதனால்தான் கடுதாசி. மாமாவுக்கு இருமல் பரவாயில்லை. மழைதான் விடவே மாட்டேன் என்கிறது. போடி ஏலக்காய்க் கடையில் வேலை நெருக்கடி என்றாலும் வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

நம் லயத்து வீட்டு வாசலில் நீங்கள் நட்ட வெள்ளை மந்தாரை பூத்துவிட்டது. ஆனால் பள்ளத்துப் பக்கம் சாய்ந்துகொண்டே போகிறது. கோணலாக நட்டுவிட்டுப் போய்விட்டீர்கள் என்று உங்களைத் திட்டிக்கொண்டே, முட்டுக்கொடுத்து, துணி காயப்போடும் கம்பத்தோடு இழுத்துக் கட்டினேன். இப்போது பார்த்தால் முட்டும் சாய்கிறது, கம்பமும் சாய்கிறது. எல்லாம் ஒரே பக்கம். நீங்கள் நேராகத்தான் நட்டிருக்கிறீர்கள் மச்சான். மண்தான் இறங்குகிறது.

அது தெரிந்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. முன்கதவின் நிலையும் கோணிப்போய், கொண்டி மாட்ட முடியவில்லை. நேற்று மரத்தடியில் தரை வெடித்திருந்தது. நம் பாப்பா யோகப்பிரியா விளையாட்டாகக் கையை விட்டாள். முழங்கை வரை போய்விட்டது. ஓடிப்போய் இழுத்து, முதுகில் ஒன்று வைத்தேன். பிறகு நான்தான் அழுதேன். மாமா தேயிலைக் கவாத்துக் குச்சிகளைத் திணித்து, மேலே மண் போட்டு மிதித்து, "எல்லாம் சரியாப் போச்சு தாயி" என்றார். காலையில் குச்சிகளையும் காணோம். வெடிப்பு அகலமாகியிருந்தது.

பஞ்சாயத்திலிருந்து வந்து ஸ்கூல் கேம்புக்குப் போகச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி அக்கா போய்விட்டார். மாமா அசைய மாட்டேன் என்கிறார். "வீட்டப் பூட்டிப் போட்டா கம்பெனிக்காரன் வேற ஆளுக்குக் குடுத்துருவான். நீ போ, நான் காவல் கெடக்கேன்" என்கிறார். அந்த முழங்காலோடு அவரால் ஓடவும் முடியாது. அவரை விட்டுவிட்டு எப்படிப் போவேன்?

அதனால் பாப்பாவை மட்டும் இந்தக் கடுதாசியோடு ஜினோ ஓட்டும் ஜீப்பில் அனுப்புகிறேன். ஸ்வெட்டர் பையில் இருக்கிறது. மந்தாரைப் பூ ஒன்றை அப்பாவுக்கென்று பறித்து வைத்திருக்கிறாள், வாடியிருந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கே அம்மா வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன்.

நீங்கள் சொன்னால்தான் மாமா கேட்பார். பாப்பாவைக் கடைவீட்டு இருதயம்மாளிடம் விட்டுவிட்டு, ஜினோ திரும்பும்போது கூடவே வாருங்கள். கையைக் காலைப் பிடித்தாவது அவரைக் கிளப்புங்கள். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

ஆனால் போடிமெட்டில் ரோடு அடைத்திருந்தால் வராதீர்கள். என்ன கேள்விப்பட்டாலும் பிள்ளையை விட்டுவிட்டு ஏறி வராதீர்கள். அவளுக்கு இருட்டு என்றால் பயம், பக்கத்திலேயே படுத்துக்கொள்ளுங்கள்.

மாடசாமி உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும்.

உங்கள்
மாரீஸ்வரி