மிச்சம் நின்ற சைக்கிள்

பஹ்ரைன்,
மார்ச் 1985

அன்புள்ள சாவித்திரிக்கு,

நீயும் குழந்தையும் நலமா? அம்மாவுக்கு மூட்டு வலி குறைந்ததா? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை கம்பெனியில் ட்ரையத்லான் என்று ஒரு போட்டி. கடலில் நீந்தி, கரையேறி, சைக்கிள் மிதித்து, கடைசியில் ஓட வேண்டும். கிணற்றில் நீந்தியவன்தானே என்று நானும் பெயர் கொடுத்தேன். கிணற்றுத் தண்ணீர் யாரையும் இழுத்துக்கொண்டு போகாது. இங்கே அப்போது கடல் நீர் உள்வாங்குகிற நேரம். எல்லைக்காகக் கடலில் கட்டியிருந்த மிதவையைப் பார்த்து நேராகத்தான் நீந்தினேன். நீரோட்டம் என்னை வலப்பக்கம் தள்ளிக்கொண்டே போனது. மிதவைக்கு இடப்பக்கமாகக் குறிவைத்து நீந்த வேண்டுமாம். ஃபோர்மேன் ஜயபால் அதைத் தனக்கு வேண்டியவர்களுக்கு மட்டும் சொல்லியிருக்கிறார். வேலூர்க்காரர். நான் ஆரணி என்றதும் "நம்ம பக்கம்பா" என்று தோளில் தட்டியவர்.

எங்கேயோ கரையேறி, மணலில் நடந்தே திரும்பினேன். போட்டி முடிந்திருந்தது. எல்லோரும் சைக்கிளை எடுத்துப் போன பிறகு ஒன்று மட்டும் நின்றால், ஓர் ஆள் இன்னும் கடலில் இருக்கிறான் என்றுதானே அர்த்தம்? யாருக்கும் அது தோன்றவில்லை. "உன் சைக்கிள லாரில ஏத்திட்டோம்பா, ஜல்தி வா" என்றார் ஜயபால்.

அம்மாவிடம் இதைச் சொல்லாதே. யாராவது இந்தப் பக்கம் வந்தால் நல்லெண்ணெய் கொடுத்தனுப்பு. நம் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, எழுது. நான் முங்கி எழக் கொஞ்சம் தாமதித்தால் போதும், துவைக்கிற துணியைப் போட்டுவிட்டு "இன்னாங்க, மேல வாங்க" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவாய்.

லாரி ஹாரன் அடிக்கிறது. வேலைக்கு ஓர் ஆள் குறைந்தால் மட்டும் இவர்களுக்கு உடனே தெரிந்துவிடுகிறது.

தருமன்