புள்ளி நோட்டில் ஊறிய மை

ஜூன் 9, செவ்வாய்

அக்கா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, பழைய அறிவியல் நோட்டின் பின்பக்கங்களில் எழுதுகிறேன்.

கணக்கு மிஸ் மறுபடியும் எழுதி அனுப்பிவிட்டார். "வகுப்பில் கவனம் இல்லை. கூப்பிட்டால் பதில் இல்லை." அப்பா கையெழுத்துப் போட்டார். பிறகு, "இன்னும் ஒரே ஒரு தடவ இப்படி வரட்டும், ஹாஸ்டல்ல கொண்டுபோய் விட்டுடுறேன். உன் ஊமைக்கோட்டான் வேலையெல்லாம் அங்க செல்லாது" என்றார். அம்மா தட்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். சத்தியமாக. மிஸ் பலகையில் முதல் வரி எழுதினார். அடுத்துப் பார்த்தால் நான்காவது வரி. நடுவில் இருந்ததை எப்போது எழுதினார்?

ஜூன் 10, புதன்

வழி கிடைத்துவிட்டது. வகுப்பில் முதல் மாணவி 'புல்லட் ஜர்னல்' வைத்திருக்கிறாள். செய்ய வேண்டிய ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு புள்ளி, முடித்ததும் அதன்மேல் ஒரு பெருக்கல் குறி. அதற்குக் கோடு போடாத, புள்ளி புள்ளியாக அச்சிட்ட நோட்டு வேண்டுமாம். "இது வந்த பிறகு எனக்கு எதுவுமே மறக்கிறதில்ல" என்றாள். எனக்கும் அதுதானே வேண்டும்!

பிறந்தநாளுக்கு அத்தை கொடுத்த பணத்தை வைத்துப் பள்ளி முனைக் கடையில் ஒன்று வாங்கிவிட்டேன். தலையணை உறைக்குள் இருக்கிறது.

ஜூன் 13, சனி

மட்டமான நோட்டு. புள்ளிகள் எறும்பு ஊர்கிற மாதிரி கறுப்பாக இருக்கின்றன. மை அடுத்த பக்கத்துக்கு இறங்குகிறது. ஒரு பக்கத்தில் மட்டும் மூன்று பெரிய மைத் திட்டுகள். மிஸ் சொல்வதை எல்லாம் ஒன்றுவிடாமல் குறிக்கலாம் என்று வகுப்புக்கும் கொண்டுபோனால், என்னையே சோம்பேறி மாதிரி காட்டுகிறது.

ஜூன் 15, திங்கள்

இரண்டாவது நோட்டு. தாள் வழவழவென்று இருக்கிறது, மை காயவே மாட்டேன் என்கிறது. உள்ளங்கை முழுக்க நீலம். டார்ச் வெளிச்சத்தில் புள்ளிகளே தெரியவில்லை. இதிலும் திட்டு!

ஜூன் 17, புதன்

மூன்றாவது. கடையிலேயே உசத்தியானது. அத்தை கொடுத்தது தீர்ந்தது. தாள் கெட்டி. ஆனால் விரித்து வைத்தால் படுக்காது, தானாக மூடிக்கொள்கிறது. முழங்கையால் அழுத்திக்கொண்டு எழுத வேண்டும். எரிச்சலாக வருகிறது.

இவ்வளவு கெட்டித் தாளிலும் இரண்டு திட்டு. எனக்கென்றே செய்து வைத்திருக்கிறார்களா?

ஜூன் 20, சனி

நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கடைக்கார அக்கா சிரித்தார். "மறுபடியும் வந்துட்டியா? நீ நோட்டு வாங்குறியா, மாப்பிள்ள பாக்குறியா?"

திட்டைக் காட்டினேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தாளைத் தடவிப் பார்த்தார். "இது சும்மா ஊறாது பாப்பா." என் பேனாவை வாங்கிக் கடைசிப் பக்கத்தில் அசையாமல் ஊன்றி, பத்து வரை எண்ணினார். கடுகு அளவுக்கு ஒரு பொட்டு.

"உன்னோடது மிளகு அளவுக்கு இருக்கு. பேனாவ ஊன்றிட்டு எங்க போயிட்ட?"

"எங்கயும் போகலக்கா. எழுதிட்டுதான் இருந்தேன்."

"தூங்கிட்டியோ என்னமோ" என்று நோட்டைத் திருப்பித் தந்தார்.

வீட்டில் மூன்று நோட்டையும் பிரித்துப் பார்த்தேன். எல்லாத் திட்டும் சொல்லுக்கு நடுவில். "ஒளிச்சே" என்று எழுதியிருக்கிறேன், பிறகு திட்டு, பிறகு "வேர்கள்". நடுவில் அறிவியல் மிஸ் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அது கேட்கவே இல்லை. பேனா நின்றதும் தெரியாது.

தாள் மேல் தப்பில்லை. அப்படியானால்?

ஜூன் 22, திங்கள்

அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன்: நான் சும்மா இருக்கும்போது எப்படி இருப்பேன்?

"செல மாதிரி. கூப்பிட்டாக்கூடத் திரும்ப மாட்ட. திமிருன்னு விட்டுடுவேன்."

"எத்தன நாளா?"

"போன வருஷத்துல இருந்து..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள்.

அப்பாவிடம் சொல்லாதே என்று கெஞ்சினேன். எனக்குப் பைத்தியம் என்று நினைத்துவிட்டால்?

ஜூன் 25, வியாழன்

வந்துவிட்டது. கணக்கு மிஸ்ஸின் கடிதம்.

அப்பா பரண் மேலிருந்து பெட்டியை இறக்கிவிட்டார். மூன்று நோட்டையும் அவர் முன்னால் வைத்தேன்.

"மூணு நோட்டா! படிக்கிற நேரத்துல இந்தக் கூத்துதான் நடக்குதா?"

"கத்தாதீங்கப்பா" என்று அக்கா குறுக்கே வந்தாள். "அந்தத் திட்டுங்கள மட்டும் பாருங்க. அவளுக்கே தெரியாம நிக்கிறாப்பா." கடைக்கார அக்கா செய்து காட்டியதையும் சொன்னாள்.

அப்பாவுக்கு ஆலையில் தரம் பார்க்கிற வேலை. அளந்து பார்க்காமல் எதையும் நம்ப மாட்டார். என் பேனாவை எடுத்து, கெட்டித் தாளில் ஒரு திட்டுக்குப் பக்கத்தில் ஊன்றினார். கடிகாரத்தைப் பார்த்தார். பொட்டு விரிந்து விரிந்து என்னுடைய அளவுக்கு வந்தது.

"பதினேழு வினாடி" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

அம்மா பெட்டியைத் தூக்கிப் பரண் மேல் வைத்தாள்.

ஜூலை 3, வெள்ளி

டாக்டர் அம்மா ஒரு காகிதத்தைப் பிடித்து, "இத ஊதும்மா, ஊதிக்கிட்டே இரு" என்றார். ஊதினேன். அடுத்துப் பார்த்தால் டாக்டர் என் கையைப் பிடித்திருக்கிறார், அப்பா எழுந்து நிற்கிறார். எப்போது எழுந்தார்?

"இது அலட்சியம் இல்ல சார். இதுவும் ஒரு வகை வலிப்புதான். அந்த நேரத்துல கூப்பிட்டாலும் அவளுக்குக் கேக்காது." தலையில் ஒயர் வைத்து ஒரு பரிசோதனை, பிறகு மாத்திரை. எப்போது, எவ்வளவு நேரம் என்று வீட்டில் குறித்து வைக்க வேண்டுமாம். நான் இல்லை, மற்றவர்கள். எனக்குத்தான் தெரியாதே.

என் நோட்டில் இனி எல்லாரும் எழுதப்போகிறார்கள். எத்தனை அலைந்து வாங்கியது! கோபமாகத்தான் இருக்கிறது.

ஜூலை 11, சனி

நோட்டு இப்போது சாப்பாட்டு மேசை மேல் கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் பிரிக்கலாம்.

அக்கா கிறுக்கலாக எழுதுகிறாள். அம்மா நேரத்தை மட்டும் போடுகிறாள். இன்று அப்பாவின் எழுத்து, புள்ளி தவறாமல், நேராக:

"இரவு 7.40. சாப்பிடும்போது. பன்னிரண்டு வினாடி. கூப்பிடவில்லை. பக்கத்தில் இருந்தேன்."