மூன்றாவது வரியில் ஒரு மூச்சு

என் ஸ்டீபன் மச்சானுக்கு,

இல்லை, அந்தப் பாட்டை நான் அழிக்கவில்லை. அழித்திருப்பேன் என்றுதானே நினைத்திருப்பாய்? கடைக் கம்ப்யூட்டரில் அப்படியே கிடந்தது. திறக்கத்தான் இரண்டு வருசமாகத் தைரியம் வரவில்லை.

நோர்வூட் மாதா கோயில் திருநாளுக்கென்று உன் ட்ரம்பெட்டுக்காக எழுதியது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஹட்டனில் போனும் போட்டோகாப்பியுமாக ஓடும் கம்யூனிகேஷன் கடையில் வேலைக்கு நின்ற எனக்கு, இசை எழுதும் அந்த சாஃப்ட்வேர் கிடைத்ததும் தலைகால் புரியவில்லை. எவனோ ஒரு வெள்ளைக்காரன் ஒவ்வொரு ஸ்வரமாக ஊதிப் பதிந்து கொடுத்த ட்ரம்பெட் சத்தம் அதற்குள் இருந்தது. நான் எழுத எழுத அது வாசித்தது. எவ்வளவு நீட்டினாலும் வாசித்தது.

பயிற்சியில் நீ மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டாய். கழுத்து நரம்பெல்லாம் புடைத்துப் போய்.

"என்னடா மச்சான், கம்ப்யூட்டரே வாசிக்குது, ஒனக்கு என்ன வந்துச்சு?" என்றேன், கோயில் பேண்ட் பசங்க அத்தனை பேர் முன்னாலும். எல்லாரும் சிரித்தார்கள்.

"அப்ப அதையே தூக்கிட்டு வந்து ஊர்வலத்துல வையி!"

ட்ரம்பெட்டைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனாய். அதோடு நாம் பேசவில்லை. அடுத்த மழைக்குக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாய். அப்போதே உனக்கு நெஞ்சு சரியில்லையா? இனி யாரிடம் கேட்பேன்?

இப்போது உன் ட்ரம்பெட் ஸ்டெல்லாவிடம் இருக்கிறது. உன்னைவிட உன் தங்கச்சி நன்றாக ஊதுகிறாள், கோபப்படாதே. போன வாரம் கடைக்கு வந்து, உன் பெட்டியில் கிடந்த அந்தப் பாட்டுத் தாளை மேசையில் விரித்தாள்.

"இந்தத் திருநாளுக்கு இதத்தான் வாசிக்கப் போறோம். அண்ணே, இதுல எங்க மூச்சு வாங்குறது?"

"கம்ப்யூட்டர்ல பாத்தா..."

"அது கெடக்கட்டும். நீங்க ஊதிப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை மச்சான். ஒரு தடவைகூட.

அவள் போனதும் கம்ப்யூட்டரில் அந்தப் பாட்டைத் திறந்தேன். அது வாசிக்க வாசிக்க, நானும் கூடவே வெறும் வாயால் ஊதினேன். மூன்றாவது வரியில் மூச்சு முட்டியது. நீ நின்ற அதே இடம்.

அந்த வெள்ளைக்காரனும் ஸ்வரத்துக்கு ஸ்வரம் மூச்சு வாங்கித்தானே ஊதியிருப்பான்? அதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டுத்தான் சத்தத்தை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். இது ஏன் எனக்கு அன்றைக்கே தோன்றவில்லை?

மூச்சுக்குறி போட்டுப் பார்த்தேன். சாஃப்ட்வேர் கண்டுகொள்ளவேயில்லை. பிறகு அந்த நீளமான ஸ்வரத்தைக் குறைத்து, சின்னதாக ஒரு இடைவெளி வைத்தேன். இப்போது கம்ப்யூட்டரும் அங்கே நிற்கிறது. அந்த இடம் வந்தால் எனக்கு நீ பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது.

இனிமேல் நான் ஊதிப் பார்க்காத ஒரு வரியை யார் கையிலும் கொடுக்க மாட்டேன். சத்தியமாக.

"அண்ணே, நோர்வூட் பஸ் வந்துருச்சு!" வாசலில் ஸ்டெல்லா கத்துகிறாள். புதுத் தாள் அவள் கையில். பயிற்சிக்கு என்னையும் வரச் சொல்லியிருக்கிறாள். போறேன்டா.

உன் மச்சான்,
ரவி