செவ்வரத்தம்பூ சொன்ன படிப்பு

வேலணை

அன்பு மகள் சிவரூபிக்கு,

நாங்கள் இங்கே சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்கு அம்மா. மற்றும்படி குறை சொல்ல ஒன்றுமில்லை. கொழும்பில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நித்திரை கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறோம். போனில் சொன்னால் நீ சிரித்துச் சிரித்து மீதியைக் கேட்கமாட்டாய் என்பதால் எழுதுகிறேன்: போன வெள்ளிக்கிழமை உன் அப்பா பிள்ளையாரை ஏமாற்றப் பார்த்து, ஐயரிடம் கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டார்.

சாட்டட் என்ற கணக்காளர் படிப்பா, சிமா என்ற மற்றக் கணக்காளர் படிப்பா என்று நீ கேட்டது நல்ல கேள்விதான். இந்த மாதம் முடிவதற்குள் பதிய வேண்டும். சாட்டட் என்றால் உன் கொம்பனியில் அதற்குப் பயிற்சி இல்லாதபடியால் வேலையை விட்டு ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் பயிலுனராகச் சேர வேண்டும், சிமா என்றால் வேலையில் இருந்துகொண்டே சனி ஞாயிறில் படிக்கலாம், "நீங்கள் எது சொல்லுறியளோ அதைச் செய்யிறன் அப்பா" என்றாய். ஆனால் நீ கேட்பதற்கு முன்னமே கடைக்கார அப்புத்துரையிடம் மகள் சாட்டட் செய்கிறாள் என்று அளந்துவிட்டேன். அவனிடம் சொன்ன கதை அடுத்த பஸ்ஸிலேயே ஊர்காவற்றுறைக்குப் போய் இறங்கிவிடும். இனி சிமா என்று மாற்றிச் சொன்னால், "ஏன் அண்ணை, பிள்ளைக்கு சாட்டட் சரிவரேல்லையோ?" என்று அவன் அனுதாபப்படுவானே, அதை நினைக்கவே எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ அம்மாவோடு போனில் நெடுநேரம் குசுகுசுத்தாயே, அதற்கு மறுநாள் அவள்தான், "பிள்ளையின்ரை படிப்பை அப்புத்துரையின்ரை கடையிலை தீர்க்க ஏலாது, கோயிலிலை பூக்கட்டிப் பார்ப்பம்" என்றாள். வெள்ளை நந்தியாவட்டை வந்தால் சாட்டட், சிவப்புச் செவ்வரத்தம்பூ வந்தால் சிமா. இரண்டையும் தனித்தனியாக வாழையிலையில் சுற்றி, எது எதுவென்று தெரியாதபடி நாரால் கட்டிக்கொண்டு வந்தவளும் அவளே. ஐயர் பிள்ளையாரின் காலடியில் வைத்துத் தீபம் காட்டி, ஒரு பொட்டலத்தை எடுத்து அவிழ்த்தார். சிவப்பு. உடனே, "ஐயா, சிவப்பு எதுக்கெண்டு நினைச்சனாங்கள் எண்டது எனக்கு மறந்துபோச்சு, திருப்பி ஒருக்காக் கட்டுவமே?" என்றேன். ஐயர் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், "கோயில் வீதி சுத்தேக்கை முழுக்க 'வெள்ளை சாட்டட், வெள்ளை சாட்டட்' எண்டு செபிச்சுக்கொண்டெல்லோ வந்தனீங்கள், எனக்கே பாடமாப்போச்சு" என்றார். அம்மா சிரித்த சிரிப்பில் கற்பூரம் அணைந்துவிட்டது.

கடவுளே சொன்ன பிறகு மறுபேச்சில்லை. வேலையை விடாதே, சிமாவுக்கே பதிந்துவிடு. நாள் முழுக்க வேலை செய்த களைப்போடு புத்தகத்தில் முகத்தை வைத்துத் தூங்காதே. ஞாயிற்றுக்கிழமைகளில் தலை முழுகு. இதோடு வரும் பனங்கிழங்குப் புழுக்கொடியலைச் சப்பிக்கொண்டு படித்தால் நித்திரை வராது. பல் உடைந்தால் நான் பொறுப்பில்லை. அப்புத்துரையை நான் சமாளிக்கிறேன், அதாவது கொஞ்ச நாளைக்குச் சீனி வாங்க வங்களாவடிச் சந்திக் கடைக்குப் போகிறேன். பதிவதற்குரிய கடைசித் திகதியை மறந்துவிடாதே. எடுக்கிற சோதனையெல்லாம் பிள்ளையார் துணையோடு முதல்தரத்திலேயே பாஸ் பண்ணி, நோய்நொடியில்லாமல் நிறைவாக இரு மகள்.

உன் வெற்றிக்காகக் காத்திருக்கும்
அப்பா

பி.கு.: ஐயர் திருப்பித் தந்த மற்றப் பொட்டலம் சுவாமிப் படத்தடியில் வாடிக் கிடந்தது. எறிவோமென்று இப்போதுதான் எடுத்து அவிழ்த்தேன். அதிலும் செவ்வரத்தம்பூ. குசினிக்குள் நிற்கும் அம்மாவைக் கேட்டேன்; அன்றைக்கு நந்தியாவட்டை பூக்கவேயில்லையாம்.