உரியாத பூச்சு

மதினி,

உங்கள் டார்ச் லைட் இன்று வீட்டுக்கு வந்துவிட்டது. விசாரணைக்கென்று எடுத்துக்கொண்டு போனவர்கள், காக்கிக் கவரில் போட்டு அரக்கு வைத்து, மேலே கயிறும் கட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். உங்களைக்கூட இவ்வளவு பத்திரமாகக் கட்டிக் கொடுக்கவில்லை. கவரைப் பிரித்ததும் கருகின வாடை குப்பென்று வந்தது. இத்தனை மாதம் அலமாரியில் கிடந்தும் அது போகவில்லை. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அத நீயே வச்சுக்க தாயி, எங்கண்ணுல காட்டாத" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

நான் ஒரு பழந்துணியை எடுத்து அதைத் துடைக்க உட்கார்ந்தேன். பழக்கம் விடுமா? டார்ச் லைட்டைக் கையில் எடுத்தால் துடைப்பது, வெளிச்சத்தில் திருப்புவது, எங்கே பூச்சு உரிந்திருக்கிறது என்று தேடுவது. நாம் இரண்டு பேரும் அந்த வேலையைத்தானே பார்த்தோம்.

சூலக்கரை தாண்டி இருந்த அந்த லைட் கம்பெனியில் நமக்குக் கொடுத்த வேலையே, நல்ல பொருளைக் கெடுப்பதுதான். வீட்டில் ஒரு டம்ளர் கை தவறி விழுந்தால் உங்கள் மாமியார், அதுதான் என்னைப் பெற்ற மகராசி, தெருவையே கூட்டிவிடுவாள். இங்கே கீழே போடுவதற்குச் சம்பளம்! மாடியில் இருந்து சிமெண்டுத் தரையில் போட்டோம். செங்கல்லில் தேய்த்தோம். சாவிக்கொத்தோடு பையில் போட்டுக்கொண்டு நடந்தோம். அலுமினிய உடம்பின் மேல் கறுப்புப் பூச்சு. அது உரிந்தால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். சூப்பர்வைசர் வந்து கேட்பது ஒரே கேள்விதான்: "வெள்ளை தெரியுதாம்மா?"

உங்களுக்குப் பிடித்தது சாக்கு டெஸ்ட். கோணிச் சாக்கில் ஜல்லியை அள்ளிப் போட்டு, நடுவில் டார்ச் லைட்டை வைத்து, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு தூளி ஆட்டுவதுபோல ஆட்ட வேண்டும். ஆட்டுவதற்கு முன்னால் நீங்கள் சாக்குக்குள் குனிந்து, "ஏலே, தாங்குவியா?" என்று கேட்பீர்கள். அதற்கு லைட்டின் குரலில் நான் பதில் சொல்ல வேண்டும். தொண்டையைத் தடிக்க வைத்துக்கொண்டு, "தாங்குவேன் மதினி" என்பேன். ஒவ்வொரு தடவையும் இதே கேள்வி, இதே பதில். ஒவ்வொரு தடவையும் நீங்கள் புதிதாகக் கேட்டதுபோலச் சிரிப்பீர்கள்.

ஒருநாள் சூப்பர்வைசரின் மொபெட்டுக்குப் பின்னால் சங்கிலியில் கட்டி, சரளை ரோட்டில் இழுத்துக்கொண்டு போனோம். திரும்பி வந்தபோது, விளிம்பில் இருந்து அடிவரை ஒரு நீளக் கோடு. சுவிட்சுக்குப் பக்கத்தில் சங்கிலி கடித்த இரண்டு பள்ளம். மற்ற இடமெல்லாம் பூச்சு அப்படியே இருந்தது. டெஸ்ட் பண்ணினதை விற்கக் கூடாது என்பதால் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் இருப்பதிலேயே பளபளப்பானதைப் பொறுக்கினேன். நீங்கள் அந்தச் சங்கிலி கடித்ததை எடுத்தீர்கள். "அடி வாங்குனவன்தாம்ட்டி வீட்டுக்கு ஒத்துவருவான். உங்க அண்ணனப் பாரு" என்றீர்கள்.

அந்த வேலை உங்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்று எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அள்ளியவர் நீங்கள். "சோத்துல கைய வச்சா சோறும் மினுங்கும்ட்டி. எம்புட்டுத் தேய்ச்சாலும் போவாது" என்று சொல்லியிருக்கிறீர்கள். லைட் கம்பெனிக்கு வந்தபின், சாப்பாட்டு வேளையில் கையை விரித்து நகக்கண்ணைப் பார்த்துக்கொள்வீர்கள். "இனிமே செத்தாலும் அங்கன போமாட்டேன்" என்றீர்கள். போனீர்கள் மதினி. போனதால்தான் செத்தீர்கள்.

உங்களைக் குறை சொல்லவில்லை. எல்லார் செல்போனிலும் வெளிச்சம் வந்தபிறகு டார்ச் லைட்டை யார் சீந்துவார்கள்? ஆர்டர் நின்றது, கம்பெனியும் நின்றது. அதே சமயம் விருதுநகரில் வத்தல் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அண்ணனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. தீபாவளி சீசன் வேறு. விடியுமுன்னே வேன் வந்து ஊருக்கு வெளியே நிற்கும். திரும்பி இறக்கிவிடும்போதும் இருட்டியிருக்கும். கருவேலங்காட்டுப் பாதையில் பாம்பு கிடக்கும் என்று அந்த லைட்டைச் சோற்றுப் பையில் போட்டுக்கொண்டு போனீர்கள். அதை உள்ளே கொண்டுபோக முடியாது. செல்போன், சாவி, எதுவானாலும் பையோடு வெளியே வேப்பமரத்தில் தொங்கவிட்டுவிட்டுத்தான் மருந்து ரூமுக்குள் போக வேண்டும். அந்தச் சட்டத்தை நீங்கள் ஒருநாளும் மீறியவரில்லை. அந்த மருந்து என்ன செய்யும் என்று எங்கள் எல்லாரையும்விட உங்களுக்குத் தெரியும்.

வெடிச்ச சத்தம் நம் ஊர்வரை கேட்டது. நான் ஓடினேன். செத்தவர்கள் பெயரை வாசித்தபோது உங்கள் பெயர் வரவில்லை. முதலில் கையெடுத்துக் கும்பிட்டேன். பிறகு ஆஸ்பத்திரியில் தேடினேன். அங்கேயும் நீங்கள் இல்லை. பட்டாசுக் கம்பெனி மேனேஜரிடம் கேட்டதற்கு, "அந்தப் பொம்பள அன்னைக்கு வேலைக்கே வரல" என்றான். சீசனுக்கு அவசரமாகச் சேர்த்த ஆள் என்பதால் உங்கள் பெயர் எதிலும் ஏறவில்லை. அந்த ரூமில் உங்களோடு இருந்தவர்களில் சொல்வதற்கு ஒருவரும் மிஞ்சவில்லை. மற்றவர்கள் வாய் திறக்கவில்லை. அவர்களுக்கும் நாளைக்கு வேலை வேண்டுமே. "எங்கிட்டாவது போயிருப்பா, நல்லா விசாரிங்க" என்றான் அவன், பக்கத்தில் நின்றவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு.

அந்தச் சிரிப்பு ஊருக்குள் எனக்கு முன்னால் வந்து சேர்ந்தது. அடையாளம் தெரியாத உடம்புகளோடு ஒத்துப்பார்க்க உங்கள் பாப்பாவின் ரத்தத்தை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறது, வரும்போது வரும் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை ஊர் சும்மா இருக்குமா? பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் "ஓடிப்போனவ மக" என்றார்கள். அவள் வீட்டுக்கு வந்து, "அத்தை, அம்மா ஓடியா போச்சு?" என்று கேட்டாள். அண்ணன் சுவரைப் பார்த்தபடி இருந்தார், இல்லை என்று சத்தமாகச் சொல்லவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

மரத்தடியில் சிதறிக் கிடந்த செருப்பு, தூக்குவாளி எல்லாவற்றையும் குவித்து வைத்து, அடையாளம் காட்டச் சொன்னார்கள். பைகள் கருகி, கைப்பிடிக் காதுகள்தான் மிஞ்சியிருந்தன. அந்தக் குவியலுக்குள் கிடந்தது உங்கள் லைட். புகை படிந்திருந்தது. முந்தானையால் துடைத்தேன். நீளக் கோடு வந்தது. சங்கிலி கடித்த இரண்டு பள்ளமும் வந்தன. அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

விசாரணைக்கு வந்த அதிகாரி முன்னால் அதை வைத்து, "இது எங்க மதினி லைட்டுங்க. அன்னைக்கு அவுக வேலைக்கு வந்தாக" என்றேன்.

"எல்லாக் கடையிலயும் விக்கிற லைட்டு சார்" என்றான் மேனேஜர்.

"இது கடைக்கே போகாத லைட்டுங்க. இந்தக் கோடு போட்டதே நாங்கதான்" என்று, எந்தக் காயம் எதனால் வந்தது என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினேன்.

அவன் பேச்சை மாற்றினான். "அப்ப லைட்ட ரூமுக்குள்ள கொண்டு போயிருக்கா சார். அது உரசித்தான் பத்தியிருக்கும். வெடிச்ச வேகத்துல மரத்தடிக்குப் பறந்து வந்து விழுந்திருக்கு."

"வேலைக்கே வராதவ எப்படிப் பத்த வச்சா?" என்று கேட்டேன். அதிகாரி என்னை மட்டும் பேசச் சொன்னார்.

எறிந்தால் இது எப்படி அடிபடும் என்று எனக்குத் தெரியும் மதினி. எறிந்தே பிழைத்தவள் நான். மரத்தடிக் கல்லுத்தரையில் பறந்து வந்து விழுந்திருந்தால் விளிம்பில் புதுசாக வெள்ளை தெரிந்திருக்கும். இதில் இருந்ததெல்லாம் நம்முடைய பழைய காயங்கள், நாளாகி மங்கிப்போனவை. ஒரு பக்கம் மட்டும் சூட்டில் பூச்சு கொப்பளித்திருந்தது. மறுபக்கம் அப்படியே இருந்தது. தீயைப் பார்த்தபடி மரத்தில் தொங்கிய பொருள் வேறு எப்படி இருக்கும்? இதைத்தான் சொன்னேன். அதிகாரி லைட்டை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நான் சொன்னதை எழுதிக்கொண்டார்.

உங்கள் பெயர் சேர்ந்தது. பிறகு வந்த ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. செத்தவர்களில் ஒருத்தியாக உங்களைச் சேர்க்கச் சொல்லி நான் சண்டை போட்டேன், சேர்த்ததும் சந்தோஷப்பட்டேன். இப்படி ஒரு சந்தோஷம் எந்த நாத்தனாருக்கும் வரக் கூடாது. பாப்பாவிடம் போய், "உங்கம்மா எங்கயும் ஓடல, அங்கனதான் இருந்தா" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, அதன்பிறகுதான் அழ ஆரம்பித்தாள்.

இப்போது காரியாபட்டிப் பக்கம் ஒரு லைட் கம்பெனியில் எனக்கு அதே வேலை கிடைத்திருக்கிறது. அங்கே சாக்கு கிடையாது. ஜல்லியையும் லைட்டையும் ஒரு டிரம்மில் போட்டு மூடி, சுவிட்சைத் தட்டினால் மோட்டார் சுற்றிக்கொள்கிறது. மறுமுனையைப் பிடிக்க ஆள் தேவையில்லை. வேலை சுளுவாகத்தான் இருக்கிறது. ஆனால் மூடியைப் போடுமுன் என் கை தானாக நின்றுவிடுகிறது. டிரம்முக்குள் குனிந்து கேட்க நீங்கள் இல்லை. பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி, பதிலை மட்டும் நான் சொல்லிவிட்டு மூடுகிறேன்.

தாங்குவேன் மதினி.