பன்னிரண்டு நாற்பதுக்கு மச்சான் பேசுவார்

மார்ச் 3

நாற்பத்திரண்டு நிமிஷம் பேசுனீங்க மச்சான், நடுவுல ஒரு வாய் தண்ணி கூடக் குடிக்காம. "என் தங்கச்சி, என் தங்கச்சி"ன்னு. அவ எனக்கு யாரு, எதிர்வீட்டுக்காரியா? சுடுகாட்டு வண்டி வந்து நின்னுடுச்சு, சனம் எந்திரிச்சுடுச்சு. பொண்டாட்டியைப் பத்திப் புருஷன் பேச ஒரு நிமிஷம் மிச்சம் வச்சீங்களா?

காலையில் பல் செட்டைத் தேய்த்துக்கொண்டே கண்ணாடியோடு இப்படிச் சண்டை. மச்சான் இருப்பது வேறு ஊரில். அவள் போன நாளிலிருந்து, நாலு வருஷமாக, தினமும் இதே சண்டை. தினமும் நான்தான் ஜெயிக்கிறேன்.

பத்து மணிக்குப் பேத்தி வந்தாள், கையில் ஒரு புது நோட்டு. "தாத்தா, என் கல்யாணத்தன்னிக்கு எது எது எத்தனை மணிக்குன்னு நீங்கதான் எழுதணும். முப்பது வருஷம் பஸ் டிப்போவுல டைம் கீப்பரா இருந்தவரை வீட்டுல வச்சுக்கிட்டு வெளியாளு எதுக்கு?"

எட்டாவது தாண்டாதவனுக்கு இப்படி ஒரு பதவி. வாசல் வரை போனவள் திரும்பினாள். "மாமா தாத்தா மேடையில பேசணுமாம். அவருக்கும் ஒரு நேரம் போடுங்க."

போடுறேன் கண்ணு. நல்லாவே போடுறேன்.

மார்ச் 5

6.00 பெண்ணை எழுப்புவது. 6.10 மறுபடியும் எழுப்புவது. 9.15 மாப்பிள்ளை வீட்டார் வருகை (8.30 என்று அவர்களிடம் சொல்லவும்). 10.30 கல்யாணம். 11.15 போட்டோ. 12.30 சாப்பாடு.

12.40 மச்சான் பேச்சு.

சாப்பாடு ரெடி என்று சொன்ன பிறகு கடவுளே இறங்கி வந்து பேசினாலும் ஒருத்தன் நாற்காலியில் இருக்கமாட்டான்.

டிப்போவில் எப்போதும் இரண்டு தாள் போடுவோம். கடைசி பஸ் ஒன்பதேகால் என்று சுவரில் ஒட்டுவோம், டிரைவர் தாளில் ஒன்பதரை இருக்கும். ஓடி வருகிறவனுக்கு ஒரு கால் மணி தயவு. மச்சானுக்கும் தனித்தாள் எழுதினேன். அதில் சாப்பாடு ஒன்றரைக்கு. இதில் தயவு கிடையாது.

மார்ச் 9

மச்சான் போன் பண்ணினார்.

"மாப்ளே, தாள் வந்துச்சு. பன்னெண்டு நாப்பது போட்டிருக்கே. கூட்டம் இருக்குமா?"

"உங்களுக்குன்னே பார்த்து எடுத்த நேரம் மச்சான்."

"எத்தனை நிமிஷம் பேசலாம்?"

"உங்க வாய்க்கு யாரு பூட்டுப் போட்டா? வயிறாரப் பேசுங்க."

போனை வைத்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். மகள் எட்டிப் பார்த்தாள். இருமல் என்றேன்.

மார்ச் 12

வீட்டுக்கென்று எழுதிய தாளை மகள் படித்துவிட்டாள். "என்னப்பா இது, பந்தி ஆரம்பிச்சப்புறமா மாமா பேசுறாரு?"

"அவருக்குப் பசி தாங்கும்."

என்னையே பார்த்தாள். அவள் அம்மா பார்க்கிற மாதிரியே. எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. ஆனா தாளை மாத்தல. ஏன் மாத்தணும்?

மார்ச் 20

நாளைக்கு. சட்டை தேய்த்தாயிற்று, பல் செட் கழுவியாயிற்று.

மார்ச் 21

எல்லாம் தாளில் இருந்தபடியே நடந்தது. 12.30க்கு "சாப்பாடு ரெடி" என்று சத்தம் வந்ததும் மண்டபம் துடைத்துவிட்ட மாதிரி காலி. பேத்தியையும் மாப்பிள்ளையையும் தள்ளிக்கொண்டு போனார்கள். வேடிக்கை பார்க்க நான் மட்டும் முதல் வரிசையில், கால் மேல் கால் போட்டு.

மச்சான் மேடை ஏறினார். நாற்காலிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"உன் வேலையா?"

"டிப்போ வேலை மச்சான். பேசுங்க. நாப்பத்திரண்டு நிமிஷம் இருக்கு."

கத்துவார் என்று பார்த்தேன். மைக்கை எடுத்துக்கொண்டு மெதுவாக இறங்கி வந்தார்.

"எனக்குப் பேச ஒண்ணும் இல்ல மாப்ளே. அன்னிக்கு நான் வாயை மூடியிருக்கணும். இன்னிக்கு ஏறி, 'என் தங்கச்சியைப் பத்தி அவ புருஷன் பேசுவான், எல்லாரும் கேளுங்க'ன்னு சொல்லிட்டு இறங்கலாம்னுதான் நேரம் கேட்டேன். நீயே கூட்டத்தைக் கலைச்சுட்ட."

மைக்கை என் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "இந்தா. நாற்காலிங்ககிட்ட சொல்லு."

மனுஷன் பொய் சொல்றாரோ? முகத்தைப் பார்த்தா அப்படித் தெரியல. வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபம் அதிகம். இந்த ஒரு ஆளாவது கேட்கட்டும் என்று எழுந்து நின்றேன்.

"டிப்போ சன்னல்ல வந்து, பஸ் எத்தனை மணிக்குன்னு கேப்பா மச்சான். பஸ் போய்ப் பத்து நிமிஷம் ஆயிருக்கும். போயிடுச்சும்மான்னு சொல்லுவேன். மறுநாளும் அதே மாதிரி, பஸ் போனப்புறம்தான் வருவா. ஒரு நாள் நான் கேட்டேன்..."

மச்சான் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்தார். வேட்டியை உதறினார்.

"உக்காருங்க மச்சான், இன்னும் முடியல."

"எனக்குப் பசி தாங்காது மாப்ளே."

கதவு வரை திரும்பிப் பார்க்கவே இல்லை. மைக் இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. அவர் முதுகைப் பார்த்தே சொன்னேன்: "நான் கேட்டதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா..."