பட்டனா, டச்சா

மார்ச் 12, செவ்வாய்

தொண்டை ஆபரேஷனில் என் வீட்டுக்காரரின் குரல் போனதிலிருந்து, பட்டன் போனில் எழுதிக் காட்டித்தான் பேசுகிறார். நடுங்கும் கையில் பேனா நிற்பதில்லை. நேற்றுகூட, ‘சாம்பாரில் உப்புக்கு லீவா?’ என்று கேட்டிருந்தார். இன்று காலை அந்தப் போன் அடங்கிவிட்டது.

பினாங்கு ரோட்டு போன் கடைக்கு இவரை அழைத்துப் போனேன். கடைக்காரர் பட்டன் ஒன்று, டச் ஒன்று என இரண்டு போன்களை எடுத்து வைத்தார்.

“பட்டன் வச்சது இது ஒண்ணுதான் இருக்கு, டீச்சர். யாரோ யூஸ் பண்ணது. எப்ப போகும்னு சொல்ல முடியாதுலா. போச்சுன்னா வேற கிடைக்காது. அங்கிளை இப்பவே டச் பழக வைங்க.”

அவர் சொல்வது நியாயம்தான். நடுக்கம் மாதாமாதம் கூடுகிறது. இன்று பழகாத விரல் அடுத்த வருடமா பழகப்போகிறது?

இவர் டச் போனில் என் பெயரை எழுதப் பார்த்தார். விரல் பட்ட இடமெல்லாம் ஏதோ எழுத்து முளைத்தது.

“என்ன அங்கிள், மந்திரம் எழுதுறீங்களா?” என்று கடைக்காரர் சிரித்தார்.

இவரும் சிரித்தார். பிறகு அந்தக் கையை மடியில் மறைத்துக்கொண்டார். பட்டன் போனில் என் பெயர் சரியாக வந்தது.

நாளை சொல்வதாகக் கூறிவிட்டு, எதையும் வாங்காமல் திரும்பினோம்.

“என்னங்க, டச் வாங்கட்டுமா?” என்றேன். தலையாட்டினார். “பட்டனே இருக்கட்டுமா?” அதற்கும் தலையாட்டினார்.

வகுப்பில் புரிந்ததா என்று கேட்டால், புரியாத பிள்ளைதான் முதலில் தலையாட்டும். அதைத் தனியே கூப்பிட்டு, “வாயைத் திறந்து சொல்லுப்பா” என்பேன்.

இவரிடம் என்னவென்று சொல்வேன்?